வைஜெயந்தியின் ஏழு நிமிட அபிப்பிராயம்

ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் அதை மனதோடு வைத்துக்கொள்ள வைஜெயந்திக்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் வாயைத் திறக்காமல் ஃபைல் பார்ப்பவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு அந்தமானின் மரைன் ஹில் வீட்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டால், அந்த வாரம் படித்தது, பார்த்தது அத்தனையையும் ஃபோனில் பேசிப் பதிந்து, தீவுத் தமிழ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போவாள். குழுவில் அறுபது பேர். பாதிப் பேர் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. இவள் பேசுவதைக் கேட்கவே இருந்தார்கள்.

கேட்க வேண்டிய பேச்சுதான். எல்லோரும் கொண்டாடிய துப்பறியும் தொடரின் இரண்டாவது சீசனைப் பற்றி, "கொலைகாரன் யாருன்னு எனக்கு ரெண்டாவது எபிசோடுலயே தெரிஞ்சுபோச்சு. போலீஸ்காரங்களுக்கு எட்டாவதுலதான் தெரியுது. என்னத்துக்குச் சம்பளம் வாங்குறாங்க?" என்றாள். சரித்திரத் தொடர் ஒன்றைப் பற்றி, "எதிரி கோட்டைக் கதவை இடிக்கிறான், ராஜா நின்னு முடியைக் கோதிக்கிட்டிருக்கார். மூணாவது சீசன் வந்தா என்னை எழுப்பாதீங்க" என்றாள். நல்லதைச் சொல்லவும் கஞ்சத்தனம் கிடையாது. ஒரு நர்ஸ் எழுதிய வாழ்க்கைக் கதைக்கு அவள் சொன்னது மொத்தமே ஒரு வரி: "அழுதுட்டேன், போதுமா?"

வினை வந்தது 'அலைக்கு அப்பால் ஓர் அழைப்பு' என்ற நாவலால். எழுதியவர் பெயர் அலைமாறன். அட்டையில் படம் இல்லை, ஊர் இல்லை. கதை மட்டும் அந்தமானில் நடந்தது. மூன்று வாரத்துக்கு முன் அதைப் பற்றி ஏழு நிமிடம் பேசினாள்.

"இந்த ஆள் மெயின்லேண்ட்காரர், பக்கா. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹீரோ சூரியன் மறையறதைப் பார்த்துக் கண் கலங்குறான். எந்த ஊர் சூரியன் அது? இங்க அஞ்சரைக்கே லைட் போடுறோம். கடல் கொந்தளிக்கிற ஜூன் மாசத்துல ஜெட்டிக்குப் போறான், டிக்கெட் வாங்குறான், ஹட் பே போற கப்பல்ல ஏறிட்டான்! அரே பாபா, போனதும் ஏற டவுன் பஸ்ஸா அது? இவர் மூணு நாள் டூர் பேக்கேஜ்ல வந்திருப்பார். அதுலயும் ரூமை விட்டு வெளிய வந்திருக்க மாட்டார்."

இன்றைய ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி விடிந்தது. மகள் ப்ரியங்காவைப் பெண் பார்க்க மாலை நாலு மணிக்கு வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து அஸ்வின் வீட்டார் வருகிறார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒரே வங்கியில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்துகொண்டதுதான். பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி.

வைஜெயந்தி கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது ப்ரியங்கா ஃபோனும் கையுமாக அடுக்களைக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அஸ்வினோட அப்பாதான் அலைமாறன்."

"எந்த அலைமாறன்?"

"நீ கிழிச்சியே, அந்த அலைமாறன். யாரோ உன் வாய்ஸ் நோட்டை அவருக்கு அனுப்பிட்டாங்க. நாலு தடவை போட்டுக் கேட்டாராம். அஸ்வினே இப்பத்தான் சொல்றான்."

ரவை கருகியது. வைஜெயந்தி அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றாள். மெயின்லேண்ட்காரராம்! அந்த மனுஷர் சிவபிரகாஷ் ஹட் பேயிலேயே பிறந்து, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, இன்றுவரை அங்கேயே இருப்பவர். பிறந்த மண்ணிலேயே ஒருவரை டூரிஸ்ட் ஆக்கியாயிற்று. தன் வாயால் மகள் கல்யாணம் கெடப்போகிறதே!

"அம்மா, ப்ளீஸ். கேட்டா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு. எனக்காக ஒரு பொய்."

"சொல்றேன்டி" என்றாள் வைஜெயந்தி. கணவர் திருநாவுக்கரசு ஹாலிலிருந்தே, "அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே" என்றார்.

நாலு மணிக்கு வந்தார்கள். சிவபிரகாஷ் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், அதிகம் பேசாதவராக இருந்தார். அவர் மனைவி சுசீலா ப்ரியங்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கடல் எப்படி, கப்பல் எப்படி என்றெல்லாம் பேசி முடித்து, இரண்டாம் முறை வறுத்த ரவையின் கேசரியும் உள்ளே போனது. பிறகு சிவபிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் புத்தகத்தைப் படிச்சீங்களாமே. எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, சார்" என்றாள் வைஜெயந்தி.

ப்ரியங்கா மூச்சு விட்டாள். ஆனால் சிவபிரகாஷின் முகம் தொங்கிப்போயிற்று. "ஓஹோ" என்றவர் காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"எல்லாரும் அதைத்தான்மா சொல்றாங்க. ஹட் பேல முப்பது பேருக்குக் கொடுத்தேன். சூப்பர், நல்லா இருக்கு, தீக் ஹை. ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. ஒருத்தர் படிச்சிருக்காங்கன்னு நம்பிக்கிட்டுக் கப்பல் ஏறினேன். சரி, விடுங்க."

பாவம், எவ்வளவு ஆசையாக வந்திருக்கிறார்! வைஜெயந்தி மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஏழு மணிக்கு எங்க சார் சூரியன் மறையுது?"

"அம்மா!" என்றாள் ப்ரியங்கா.

சிவபிரகாஷ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அஞ்சு இருபதுன்னுதான்மா எழுதினேன்! பதிப்பாளர் மெயின்லேண்ட்ல இருக்கார். அஞ்சு இருபதுக்கு எப்படி இருட்டும், படிக்கிறவங்க சிரிப்பாங்கன்னு ஏழாக்கிட்டார். டிக்கெட்டுக்கு நாலு நாள் லைன்ல நிக்கிறதை நாப்பது பக்கம் எழுதியிருந்தேன். யாருக்கும் புரியாதுன்னு எடுத்துட்டார். புத்தகம் வந்தாப் போதும்னு நானும் தலையாட்டிட்டேன். டூரிஸ்ட்டுன்னு நீங்க சொன்னதும் எனக்கு நல்லா உறைச்சது."

"அந்த நாப்பது பக்கம்தானே சார் நாவலே! அதைப் போய் விட்டுக்கொடுப்பாங்களா? நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல அந்தக் காதல் கடிதம் வேற. எந்தப் பொண்ணு அதைப் படிச்சிட்டு வருவா?"

"அது நான் எழுதினதுதான்."

"அதையும் மாத்துங்க!"

சிவபிரகாஷ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, கேசரி வந்த காகிதத் தட்டின் பின்புறத்தில் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார். "வேற?" என்றார்.

சுசீலா ப்ரியங்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு வருஷமா இவர் எழுத எழுத என்கிட்டதான் படிச்சுக் காட்டினார். தூங்கினா கோபம் வேற. அப்பாடா, இனிமே அது உங்க பாடு, சம்பந்தியம்மா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் கல்யாணம் கெடவில்லை என்று வைஜெயந்திக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.