பம்புக்கு மட்டும்

மழை பெய்தால்தான் எங்கள் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஊறும். மழை பெய்தால்தான் எங்கள் தெருவில் கரண்ட் போகும். ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் கரண்டில்தான் ஓடும். இந்த மூன்று விஷயத்தையும் சேர்த்து என் அண்ணன் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் தையல்காரி. திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை தைப்பவள். என் கடை இருந்த கட்டடத்தை இடித்தபோது, "கீழ சும்மாதானே கிடக்கு பாப்பா, வந்துடு" என்று அண்ணன்தான் கூப்பிட்டான். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது, இந்த வீட்டில் இன்னும் பாப்பாதான். அதுவரை உடைந்த நாற்காலிகளும் பழைய சூட்கேஸ்களும் குடியிருந்த இடத்தில் என் கட்டிலும் மெஷினும் துணிச் சுருள்களும் வந்து சேர்ந்தன.

பேஸ்மென்ட்டின் மூலையில் ஒரு குழி இருக்கிறது. சுவரோரம் ஊறுகிற தண்ணீரெல்லாம் அதில் வந்து சேரும். குழி நிறைந்தால் பம்பின் மிதவை மேலே எழும்பும், பம்ப் தானாக ஓடும், தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். கரண்ட் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்கு. கரண்ட் போனால் அந்த பம்பின் வேலையை நான் பார்க்க வேண்டும், பக்கெட்டும் கையுமாக. குனிந்து குனிந்து மொண்டு, படியேறிக் கொட்டி, திரும்பி வருவதற்குள் குழி மறுபடி நிறைந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னால், "பாக்கலாம்" என்பான். இந்த ஒரு வார்த்தையை வைத்தே அவன் வாழ்க்கையை ஓட்டிவிட்டான். இன்னும் அழுத்திக் கேட்டால், "வருஷத்துல நாலு நாள் வர்ற தண்ணிக்குப் போய் இவ்வளவு அலட்டிக்கிறியே" என்பான். அண்ணி ஒரு படி மேலே போய், "கட்டிலுக்கு அடியில செங்கல் வெச்சுக்கோயேன் பாப்பா" என்று யோசனை சொன்னாள். வைத்தேன். கட்டிலின் கால்களைச் செங்கல் மேல் ஏற்றினேன், துணிச் சுருள்களைப் பலகை மேல் ஏற்றினேன். பிறந்த வீட்டிலேயே பரண்மேல் ஏறிப் படுப்பவள் மாதிரி ஒவ்வொரு ராத்திரியும் கட்டிலில் ஏறினேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என் கைக்காசைப் போட்டு ஒரு இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கினேன். கீழே வைத்தால் நனைந்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் அதைப் படியின் மேல்முனையில், செருப்பு வைக்கும் அலமாரிக்குள் பொருத்தினார். அண்ணிக்கு அதில் வருத்தம், செருப்புக்கு இடமில்லாமல் போய்விட்டதாம். எலக்ட்ரீஷியன் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு பிரசங்கமே செய்தார்.

"பம்ப் விட்டு விட்டுத்தான் ஓடும். அதனால இந்த பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஆனா பம்புக்கு மட்டும்தான் தாங்கும். வேற எதையாவது சொருகுனீங்கன்னா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

எல்லோரும் மண்டையை ஆட்டினார்கள். அவர் போன பிறகு நான் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் 'பம்புக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அதற்கடுத்து வந்த சின்ன மழையில் கரண்ட் போனது, பம்ப் நிற்கவில்லை. இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து அது உறுமுவதையும் ஓய்வதையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறுநாளே செங்கல்களை உருவி வெளியே போட்டேன். கட்டில் தரைக்கு வந்தது. பலகைகளையும் எடுத்துவிட்டேன். ஒரு தங்கும் விடுதிக்கான திரைச்சீலை ஆர்டர் வந்திருந்தது, சந்தன நிறத் துணி. அந்தச் சுருள்களை வரிசையாகத் தரையில் நிறுத்தினேன். எல்லோரையும் போல நானும் தரையை நம்பி வாழ ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. படிக்கட்டுக் கதவு சரியாக மூடவில்லை. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏமாந்த சோணகிரி என்றால் நான்தான்.

அன்றைக்கு ஊரின் மறுகோடியில் ஒரு அம்மாள் வீட்டில் ஜன்னல்களை அளவெடுக்கப் போயிருந்தேன். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. அந்த அம்மாளின் பேஸ்மென்ட்டிலும் தண்ணீராம், மூக்கால் அழுதாள். நான் பெரிய மனுஷி போல உட்கார்ந்து, இன்வெர்ட்டரின் மகிமையை விளக்கி, எலக்ட்ரீஷியன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிக்னல்கள் செத்துக் கிடந்தன, கடைகளில் மெழுகுவர்த்தி எரிந்தது. எனக்கு மட்டும் கவலையில்லை. என் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்.

தெருவில் நுழையும்போது சாயங்காலம். வரிசையாக எல்லா வீடும் இருட்டு. எங்கள் வீட்டு ஹால் ஜன்னலில் மட்டும் நீல வெளிச்சம் ஆடியது. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பேட்டரியிலிருந்து பம்புக்கு ஒரே ஒரு லைன். அப்படியென்றால் ஹாலில் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது?

கதவைத் திறந்தேன். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். அண்ணி ஃபேனுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மகள் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு. தொட்டியில் குமிழிகள் குளுகுளுவென்று வந்துகொண்டிருந்தன.

"வா பாப்பா, நல்லா நனைஞ்சிட்டியா? உட்காரு, இங்க காத்து வருது" என்றான் அண்ணன்.

டிவிக்குப் பின்னால் ஒரு வெள்ளை ஒயர் புறப்பட்டுச் சுவரோரமாகப் போனது, ஃபேன் ஒயரும் மீன்தொட்டி ஒயரும் வழியில் அதோடு சேர்ந்துகொண்டன. பின்னாலேயே போனேன். படிக்கட்டுக் கதவின் இடுக்கில் நுழைந்து, செருப்பு அலமாரிக்குள் ஏறி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிந்தது. கதவு மூடாமல் இருந்ததற்கு மரம் காரணமில்லை, இந்த ஒயர்க் கூட்டம்தான். அந்த பாக்ஸில் ஒரு ஓட்டைகூடக் காலியில்லை. பம்பின் பிளக் கழற்றப்பட்டு, ஒரு ஷூவுக்குள் பத்திரமாகக் கிடந்தது.

கீழே இறங்கினேன். கடைசிப் படியைக் காணோம்.

ஒரு சாண் தண்ணீர்தான். ஆனால் நிற்க வைத்த துணி தண்ணீரை உறிஞ்சும். சந்தன நிறச் சுருள்கள் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தன. கட்டிலில் தொங்கிய போர்வையின் நுனி மிதந்தது. காலால் அழுத்தி மெஷினை ஓட்டும் பெடல் தண்ணீருக்கடியில் மூழ்கிக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மேலே ஓடி, பாக்ஸை அப்படியே பிடுங்கினேன். ஹால் இருண்டது.

"ஐயோ, கடைசி ஓவர்!" என்று அண்ணன் கத்தினான்.

பம்பைச் சொருகினேன். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கியது, கீச்சுக் கீச்சென்று கத்தியது. பம்ப் ஒருமுறை உறுமி, இரண்டு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டு நின்றது. பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சியிருந்தார்கள்.

"யாரு பம்பைக் கழட்டினது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"மீனுக்குக் காத்துப் போகலன்னா செத்துடும் அத்தை. அது குட்டி மோட்டார்தான்."

"நான் ஃபேனும் போனும்தான் போட்டேன். அது எவ்வளவு இழுத்துடப் போகுது?"

"டிவி எல்.ஈ.டி. பாப்பா. கரண்ட்டே எடுக்காது."

கரண்ட்டே எடுக்காத டிவி, குட்டி மோட்டார், ஒன்றும் இழுக்காத ஃபேன். பேட்டரியைத் தின்றது யார் என்று கேட்டால் நானே தின்றிருப்பேன் போலிருக்கிறது.

"இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றான் அண்ணன். பிறகு, எனக்குச் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நீதான் வீட்ல இல்லையே பாப்பா. கீழ யாரும் இல்லைன்னுதான் கழட்டினோம்" என்றான்.

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் கொஞ்சமும் கள்ளமில்லை. அதுதான் என்னை அறுத்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் கூசுவானே, அந்தக் கூச்சம்கூட இல்லை. என் மெஷின் கீழே இருந்தது, என் துணி கீழே இருந்தது, நான் படுக்கும் இடம் கீழே இருந்தது. ஆனாலும் அவனுக்குக் கீழே யாரும் இல்லை.

பிறகு மொண்டோம். அதையும் சொல்ல வேண்டும், நால்வருமே மொண்டோம். நான் கீழே, அண்ணன் படியில், அண்ணியும் பெண்ணும் மேலே. "இடுப்பு விட்டுப் போச்சு" என்று அண்ணன் நாலு பக்கெட்டிலேயே முனகினான். கரண்ட் வந்தபோது தரையில் சேறுதான் மிச்சம். விடுதிக்குப் போன் செய்து, துணி போய்விட்டது, இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கெஞ்சினேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

ஈரத் தரையில் படுக்க முடியாது. மெத்தையை ஹாலுக்கு இழுத்துவந்து டிவிக்கு முன்னால் போட்டேன். மெஷினைத் துடைத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். நனைந்த துணிகளை சோபா முதுகிலும் நாற்காலிகளிலும் கதவுகளிலும் விரித்தேன். அண்ணன் ரிமோட்டைத் தேடித் துணிகளுக்கு நடுவே துழாவினான். மெத்தையைத் தாண்ட அண்ணி காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். இதில் திட்டம் ஒன்றுமில்லை. எனக்கு வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பல்கூட விளக்காமல் அண்ணன் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டான். பாக்கலாம் என்ற வார்த்தையையே மறந்துவிட்டான். இன்னொரு பேட்டரி வந்தது. பிளக்கே இல்லாமல் பம்பை நேராக இன்வெர்ட்டரோடு இணைத்தார்கள். அலமாரிக்குப் பூட்டு போட்டார்கள். தண்ணீர் ஏறினால் கத்துவதற்கு ஒரு மணி வைத்தார்கள். அண்ணி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்தாள். அவள் கையில் நான் துடைப்பத்தைப் பார்த்ததே குறைவு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மனசு இளகிவிட்டது. சண்டை போட்டதெல்லாம் அதிகமோ என்றுகூடத் தோன்றியது. எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன். கீழே அண்ணன் எலக்ட்ரீஷியனை விரட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கே முடிச்சுடுங்க. ஹால்ல காலை வைக்க முடியல. ஒரு மேட்ச் பாக்க முடியல."

எத்தனை மழையில், எத்தனை ஈரத்தில் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அப்போதெல்லாம் நகராத வேலை, என் மெத்தை அவர்கள் காலில் தட்டியதும் நகர்ந்துவிட்டது. தண்ணீர் என்னிடம் வந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. நான் அவர்களிடம் வந்தால்தான் ஆபத்து. டீத் தட்டை அங்கேயே படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ வரம் கொடுக்க வந்தவன் போல ஹாலுக்கு வந்தான். அண்ணியும் பின்னாலேயே வந்தாள். நான் மேஜையில் ஒரு தலையணை உறையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, கீழ எல்லாம் ரெடி. எத்தனை நாள் கரண்ட் போனாலும் இனிமே ஒரு சொட்டு நிக்காது."

"தரையைத் தேய்ச்சுத் தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்றாள் அண்ணி.

"நிஜமாவே தண்ணி வராதா அண்ணா?"

"சத்தியமா வராது. சொல்லப்போனா இந்த வீட்லயே இப்ப அதான் நல்ல இடம். குளுகுளுன்னு இருக்கு, சத்தமும் கிடையாது."

"அப்படின்னா நீயும் அண்ணியும் போய் அங்க படுங்க. உங்க ரூமை நான் எடுத்துக்கிறேன்."

அண்ணன் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர்களையே பார்த்தேன். முதலில் அவன் சிரிப்பு நின்றது, பிறகு அவளுடையது.

"என்ன பாப்பா இது" என்றாள் அண்ணி. "நாங்க போய் எப்படிக் கீழ..."

அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க அண்ணி" என்றேன்.