எங்கள் கம்ப்யூட்டரும் பூலாம்பாடி டிவியும்

தா.பழூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள்: ராசாங்கமாகிய நான், என் மனைவி முத்தாயி, மகள் மேகலா, பூலாம்பாடியிலிருந்து வந்த சம்பந்தி சிங்காரவேலு, அவர் மனைவி பஞ்சவர்ணம். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் பின்னால் கேள்விப்பட்டவர்கள்.

என் தம்பி மணிவண்ணன் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அது. எழுத்துக் கட்டைகள் உள்ள பலகை மட்டும்தான், திரை கிடையாது. டிவியில் சொருக வேண்டும். விளையாட்டு கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டால் சத்தம் ஒயர் வழியாக உள்ளே போய் விளையாட்டாக மாறும். இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். இதை நான் சொல்லாத விசேஷம் கிடையாது.

சென்ற மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னபோது, சிங்காரவேலு இலையிலிருந்து தலை நிமிராமலே, "சம்பந்தி வூட்டு கம்ப்யூட்டரு வைக்கோல் கன்னுக்குட்டிங்க. பாக்கலாம், கத்தாது" என்றார். பந்தியே சிரித்தது. நான் பாயசத்தைத் தொடாமல் எழுந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்க, ஓட்டிக் காட்டுறேன். ஓடலேன்னா இனிமே எந்த விசேஷத்துலயும் அந்தப் பேச்சு என் வாயிலேர்ந்து வராது."

வந்தார். அரசு கொடுத்த பழைய டிவியையும் காரில் ஏற்றி வந்தார். "டிவி எங்களுது. அப்பறம் டிவி சரியில்லன்னு தப்பிக்கக் கூடாது பாருங்க!"

சிறுவயதில் இதிலேயே கிடந்தவள் மேகலா. ஒயரைச் சொருகி, கட்டளையைத் தட்டி, கேசட்டை ஓடவிட்டாள். திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓட வேண்டும். ஓடவில்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"கன்னுக்குட்டிக்குப் பசி போல" என்றார் சிங்காரவேலு.

"அவங்க வூட்டுலயே உக்காந்துகிட்டு… சும்மா இருங்க" என்று பஞ்சவர்ணம் அதட்டினார்.

நான் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேகலா டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். டேப் ரெக்கார்டர் கிரீச்சென்று கத்தியது.

"சத்தம் வருதுப்பா. உள்ளதான் போகல." செல்போன் வெளிச்சத்தில் கம்ப்யூட்டரின் பின்புற ஓட்டையைப் பார்த்தாள். "அம்மா, இதென்ன, சந்தனமா?"

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் வைக்கிறதுதான்" என்றாள் முத்தாயி. "எழுத்து மேல பொட்டு வைக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. பின்னால வட்டமா ஒரு எடம் இருந்துச்சு, அதுல வெச்சேன்."

"அதாம்மா அதுக்குக் காது!"

சிங்காரவேலு தொடையில் தட்டிச் சிரித்தார். "காதுல சந்தனத்த அடச்சிட்டு ஓடுன்னா எப்படிங்க ஓடும், பாவம்!" அன்று அவர் எங்கள் கம்ப்யூட்டருக்காகப் பேசிய முதல் வார்த்தை அது. என் உத்தரவில் தவறில்லை. எழுத்துகள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

பஞ்சவர்ணம் தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். மேகலா மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

மறுபடி கேசட் ஓடியது. திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் ஓடின. பிறகு மஞ்சளும் நீலமும். மிக்சியைப் போடப் போன முத்தாயி அப்படியே நின்றுவிட்டாள். சத்தம் ஓய்ந்தது. ஒரு குகைக்குள் ஏணிகள் தெரிந்தன, பழங்கள் தெரிந்தன, பழம் பொறுக்கும் குட்டி மனிதனும் அவனைத் துரத்தும் நண்டும் தெரிந்தார்கள்.

"ஓடுதுங்க சம்பந்தி" என்றார் சிங்காரவேலு, மெதுவாக.

"காதுல விழலைங்க."

"ஓடுதுங்க! ஏம்மா மேகலா, குதிக்கிறது எதுல?"

"இந்த நீளக் கட்டைல மாமா. நண்டு வருது, குதிங்க!"

அதன்பின் அவரை எழுப்ப முடியவில்லை. கறிக்குழம்பு ஆறியது. நானும் ஆடினேன். எங்கள் இருவரையும் மிஞ்சி மூன்றாவது குகை வரை போனவர் பஞ்சவர்ணம். முத்தாயி வைத்த பாயசத்தை நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அவர்கள் கொண்டுவந்த டிவியால்தான் எங்கள் கம்ப்யூட்டர் ஓடியது என்று இப்போது பூலாம்பாடியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. டிவி படம் காட்டியது. ஓடியது எங்கள் கம்ப்யூட்டர்.