அந்தப் பூச்சி இல்லை, பூச்சி

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தி.நகர் ஜவுளிக்கடையில் காலை வைத்தால் எடுக்க முடியாத கூட்டம். கல்லாவில் உட்கார்ந்திருந்த பாலகணேஷுக்கு, கென்யாவிலிருந்து, அம்மாவின் போனில் மகள் பேசி அனுப்பிய குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"அப்பா, இங்க பூச்சி வந்திருக்கு. தம்பி கட்டிலுக்குக் கீழ. அம்மாகிட்ட சொன்னா என்னையத் திட்டுறாங்க."

அவ்வளவுதான். பாலகணேஷ் சிரித்துவிட்டு போனைக் கீழே வைத்தான்.

மனைவி சந்திரிகா, ஐந்து வயது சம்யுக்தா, இரண்டு வயது விதுரன் மூவரும் ஊரைவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நைரோபியில் வேலை பார்க்கும் சந்திரிகாவின் அண்ணன் விஜயராகவன், "மிருகமெல்லாம் கூட்டம் கூட்டமா ஆத்தைத் தாண்டற நேரம், இப்ப விட்டா அடுத்த வருஷம்தான்" என்று கூப்பிட்டிருந்தார். மிருகங்களுக்கு ஆடித் தள்ளுபடி பற்றி என்ன தெரியும்? பாலகணேஷால் கடையை விட்டு நகர முடியவில்லை. "கைப்பிள்ளையைத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள எதுக்குப் போகணுங்கேன்?" என்று அவன் அப்பா ராஜரத்தினம் ஒற்றைக்காலில் நின்றார். அவரோடு மல்லுக்கு நின்று அவர்களை அனுப்பி வைத்தவன் பாலகணேஷ்தான்.

அனுப்பியதற்கு வஞ்சனையில்லாமல் வீடியோக்கள் வந்தன. சிங்கம் கொட்டாவி விட்டது, அதைப் பார்த்து சம்யுவும் விட்டாள். ஒரு குரங்கு ஜீப்புக்குள் கையை விட்டுப் புளியோதரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், திறந்து, ஒரு வாய் தின்று பார்த்து, டப்பாவை அவர்கள் மேலேயே விட்டெறிந்தது. பாலகணேஷ் இதையெல்லாம் புடவை பில்லுக்கும் புடவை பில்லுக்கும் நடுவில் பார்த்துப் பெருமூச்சு விடுவான். இன்றைக்கு அவர்கள் தங்கியிருந்தது காட்டோரம் துணிக்கூடாரம் போட்ட ஒரு விடுதியில்.

மறுபடியும் செய்தி வந்தது. இந்த முறை கிசுகிசுப்பாக.

"அப்பா, பூச்சி இன்னும் போகல. சத்தமா பேசக்கூடாதுன்னு தாத்தா சொன்னாங்கல்ல, அதான் மெதுவா பேசறேன்."

பாலகணேஷ் சில்லறையை நீட்டியவன் நீட்டியபடியே நின்றான். பூச்சிக்கு எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்?

அவன் வீட்டில் பாம்பு என்ற சொல்லே கிடையாது. ராஜரத்தினத்தின் தம்பி, திருச்செந்தூர்ப் பக்கம் அவர்கள் இருந்த காலத்தில், சிறு பையனாகவே பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு ராஜரத்தினம் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, மற்றவர்களைச் சொல்ல விட்டதுமில்லை. பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். அவருக்கு அது பூச்சி. பாலகணேஷுக்கும் அதுவே பழகிவிட்டது. கடை மாடியில் உட்கார்ந்து பார்க்கும் படப் புத்தகத்தில் சம்யு அதன் மேல் விரலை வைத்தாலும் தாத்தா குரலைத் தாழ்த்தி, "பூச்சி தாயி, பூச்சி" என்பார்.

அதே சமயம் கரப்பானும் பூச்சிதான், கொசுவும் பூச்சிதான். இதில் எந்தப் பூச்சி?

பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த செந்தில்குமாரிடம் போனைக் காட்டினான். பட்டினப்பாக்கத்துக்காரன் அவன், எதற்கும் அசராதவன்.

"இன்னாண்ணே நீ, காட்டுல பூச்சி இல்லாம பின்ன இன்னா இருக்கும்? விடுண்ணே."

விட முடியவில்லை. வீடியோ காலில் கூப்பிட்டான். சம்யுவின் நெற்றி மட்டும் தெரிந்தது. படம் உறைந்தது, குரல் மட்டும் வந்தது.

"சம்யு, அந்தப் பூச்சிக்கு எத்தனை காலு?"

"காலே இல்லப்பா."

பாலகணேஷ் செந்தில்குமாரைத் திரும்பிப் பார்த்தான்.

"புழுவா இருக்கும்ணே. இல்லாங்காட்டி அட்டை" என்றான் செந்தில்குமார்.

இருக்கலாம். அட்டைக்கும் கால் இல்லை. பாலகணேஷ் அதைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்ளோ பெருசுடா?"

"உங்க பெல்ட் மாதிரி. சுருட்டி வெச்ச பெல்ட் மாதிரி."

"தம்பி எங்க?"

"கட்டில்ல தூங்கறான். ஒரு கை கீழ தொங்குது."

"அம்மாகிட்ட குடு! போனை அம்மாகிட்ட குடு! ஓடு!"

குடுகுடுவென்று ஓடும் சத்தம், பிறகு காற்றின் இரைச்சல், அதன் நடுவே சந்திரிகா. "என்னங்க, கடையில கூட்டமில்லையா இன்னிக்கு?"

"சந்திரி, கட்டிலுக்குக் கீழ பூச்சி!"

"ஐயோ, உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? காலையிலேர்ந்து பூச்சி பூச்சின்னு உயிரை எடுக்கறா. மருந்தடிச்சுதான் வெச்சிருக்காங்க."

"அந்தப் பூச்சி இல்ல சந்திரி. பூச்சி!"

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

சந்திரிகா அடையாறில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தது கே.கே. நகரில் நாலாவது மாடி வீட்டுக்கு. அத்தனை படி ஏறி எந்தப் பாம்பும் வரவில்லை, அதனால் அந்தப் பேச்சும் வரவில்லை. புருஷன் வீட்டு அகராதியில் இந்தப் பக்கத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை என்பது பாலகணேஷுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"நீளமா இருக்குமே, அது!"

"எது? சரியா கேக்கல."

"பேரு சொல்லக்கூடாதுடி! சிவன் கழுத்துல இருக்குமே!"

"கழுத்துலயா? செயின் பத்திரமா கழுத்துலதாங்க இருக்கு. அதுக்கா இப்படிக் கத்தறீங்க?"

நாற்பது வயதுக்காரன், கல்லாவில் உட்கார்ந்தால் கடையே அடங்கும், ஆனால் இந்த மூன்றெழுத்து வரமாட்டேன் என்றது. சொன்னால் வரும். அங்கே ஏற்கெனவே வந்துதான் இருக்கிறது. சொன்னால் போய்விடுமா, இன்னொன்று வருமா? மண்டைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. கடையின் மாடிப்படியில் அப்பா இறங்கி வருவது தெரிந்தது. தொங்குகிற கை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் குட்டிக் கையை நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டியது.

"பாம்பு!" என்று கத்தினான். "பாம்பு சந்திரி! கட்டிலுக்குக் கீழ பாம்பு!"

மறுமுனையில் ஓர் அலறல். பிறகு லைன் அறுந்தது.

இந்த முனையில் அலறல் ஒன்றோடு நிற்கவில்லை. "பாம்பா? எங்க?" என்று ஒரு அம்மாள் ஸ்டூல் மேல் ஏறினாள். "சின்னாளப்பட்டிச் சேலைக் கட்டுக்குள்ள போச்சு, நான் பாத்தேன்" என்று யாரோ சத்தியம் செய்தார்கள். எடுத்த புடவை எடுத்தபடி, செருப்பு மாறிப் போனவர்கள் போக, குழந்தையைத் தேடியவர்கள் தேட, கடை வாசலில் தள்ளுமுள்ளு. தெருமுனை போவதற்குள் பாம்பு படம் எடுத்து ஆடியதாகவும் சேதி பரவிவிட்டது. எதற்கும் அசராத செந்தில்குமார் மேஜை மேல் நின்று, "எங்கண்ணே கீது? எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தான்தான் சற்றுமுன் அதை அட்டை என்று சொன்னவன் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பாலகணேஷ் எதையும் பார்க்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். மணி போகவே இல்லை. அப்பா வந்து எதிரில் நின்றார்.

"என்னல சொன்ன நீ? கடையில வச்சு என்ன பேச்சுல பேசுத?"

"விதுரன் கட்டிலுக்குக் கீழப்பா. சந்திரிக்குப் பூச்சின்னா புரியலை."

ராஜரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

அதற்குள் கடை காலியாகியிருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"தூக்கிட்டேங்க." சந்திரிகா அழுதுகொண்டிருந்தாள். "தூக்கிட்டேன். கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. அவன் முழிக்கக்கூட இல்ல. கேம்ப்ல ஆளுங்க வந்து கொம்பு வெச்சுப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. நம்ம ஊரு விரியன் மாதிரியாம்." அழுகை அப்படியே கோபமாகத் திரும்பியது. "இத்தனை வருஷமா உங்க வீட்டுல குப்பை கொட்டறேன். பூச்சின்னா இதுன்னு யாராவது ஒருத்தர் என்கிட்ட சொன்னீங்களா? அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து சொல்லிச்சுங்க. நான் அவளைத் திட்டினேன்."

பாலகணேஷ் போனை ஸ்பீக்கரில் போட்டான், அப்பாவும் கேட்கட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் சம்யுவின் குரல் வந்தது, இன்னும் கிசுகிசுப்பாகவே.

"அப்பா, நீங்க பேரைச் சொல்லிட்டீங்க. அம்மா போன்ல நானும் கேட்டேன்."

"ஆமாடா கண்ணு."

"பேரைச் சொன்னா வரும்ல? இப்ப அது நம்ம கடைக்கு வந்துடுமா?"

பாலகணேஷ் அப்பாவைப் பார்த்தான். ராஜரத்தினம் கையை நீட்டிப் போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாயி, தாத்தா பேசுதேன். இனிமே அதைப் பாத்தா பாம்புன்னே சொல்லணும். சத்தமா சொல்லணும். என்ன? பாம்பு. தாத்தாவே சொல்லுதேன் பாரு, பாம்பு."

"ஐயோ தாத்தா, நீங்களும் சொல்றீங்களே! நிஜமா அங்க வந்துடும்!"

ராஜரத்தினம் சிதறிக் கிடந்த புடவைகளையும் ஆளில்லாத கடையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வரட்டும் தாயி. இங்க யாரும் இல்ல. இங்கனயே வரட்டும்."