இருமலை விழுங்கிய ஊர்

கம்பெனியின் வெள்ளைக் கார் வளைவில் திரும்பியதும் ஊரில் பாதிப் பேர் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்வார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்த ஏற்பாடு இல்லை இது. குழாயடியில் பிறந்து, கடைத்தெரு வழியாக நடந்து, தானாகவே ஊர்ப் பழக்கம் ஆகிவிட்டது. கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால், இருமல் ஒரு கால் மணி நேரம் அடங்கிக் கிடக்கும். அதற்குள் கார் போய்விட வேண்டும். பெரும்பாலும் போய்விடும். கம்பெனிக்காரர்களுக்கு எப்போதும் அடுத்த ஊருக்கு நேரமாகிவிடும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவள் நர்ஸ்தான். கேட்டால் அவளே மறுக்க மாட்டாள்.

மலைக்குப் பின்னால் சுரங்கம் வந்தபோது லாரி வந்தது, லாரியோடு தூசி வந்தது. துவைத்த துணியில், மூடி வைத்த தண்ணீரில், தூங்கும் குழந்தையின் காதுமடலில் எல்லாம் சிவப்பாகப் படிந்தது. ஊர்க்காரர்கள் சாலையை மறித்து உட்கார்ந்த பிறகு கம்பெனி இரண்டு அறையில் ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தது. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, மருந்தை ஆவியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் ஒரு மிஷின். சாலையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க ஒரு லாரியும் விட்டார்கள். இதே ஊரில் பிறந்து, வெளியே போய் நர்ஸ் படிப்பு முடித்து வந்தவளுக்கு வேலை கிடைத்தது. அன்றைக்கு அவளைவிட அதிகம் அழுதது அவளுடைய அக்காதான். அப்பா அம்மா போன பிறகு, செங்கல் சூளையில் கல் சுமந்து தங்கையைப் படிக்கவைத்தவள் அவள். சூளைப் புகை பாதி தின்றிருந்த அந்த நெஞ்சை மீதிக்குச் சுரங்கத் தூசி தின்ன ஆரம்பித்திருந்தது. காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் மிஷினின் முகமூடியை மூக்கில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அக்காவால் அன்றைய பொழுதை ஓட்ட முடியும்.

கம்பெனியின் நலத்திட்ட அதிகாரியை ஊரில் கோடு சார் என்பார்கள். மாதம் எத்தனை பேர் இருமலோடு வந்தார்கள் என்று கணக்கெடுத்து, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய தாளில் பச்சைக் கோடாக வரைந்து வைப்பார். நல்ல மனுஷன். அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரி வேண்டும் என்று மேலிடத்தில் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டி வாங்கிக்கொடுத்தவரே அவர்தான்.

முதல் வருஷக் கடைசியில் கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி அவர் சொன்னார். “மேல ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க சிஸ்டர். ஆஸ்பத்திரி கட்டினோமே, இருமல் குறைஞ்சுதான்னு. குறையலேன்னா எதுக்கு இத நடத்தணும்னு இழுத்து மூடிருவாங்க. இந்தக் கோடு கொஞ்சமாவது கீழ இறங்கணும்.”

நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். நர்ஸ் அன்று மாலை காய் நறுக்கிக்கொண்டே அதை அக்காவிடம் புலம்பினாள். அக்காவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அடுத்த வாரம் பால்காரர் வந்தார். குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி இருமினார். பதிவேட்டை எட்டிப் பார்த்து, “முழங்கால் வலின்னு எழுதிக்கம்மா” என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு, முழங்கால் வலி என்றே எழுதினாள்.

அவ்வளவுதான், ஊரே முழங்கால் வலியில் விழுந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வலி. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முழங்கால் வலி. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு மூட்டில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்து, மூன்று அட்டைப்பெட்டி நிறைய முழங்கால் உறை அனுப்பியது. பால்காரர் ஒன்றைச் சைக்கிள் சீட்டுக்கு மாட்டிக்கொண்டார். உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு வாத்தியார்கூட வந்தார். பாவம், அந்தத் தூசியில் இரண்டாம் நாளே அவருக்கு இருமல் வந்து ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பச்சைக் கோடு அழகாக இறங்கியது. இரண்டாம் வருஷம் தண்ணீர் லாரி காலையில் மட்டும் வந்தது. மூன்றாம் வருஷம் அதுவும் வரவில்லை. ஏன் என்று நர்ஸ் கேட்டபோது கோடு சார் சந்தோஷமாகச் சுவரைக் காட்டினார். தூசியின் பாதிப்புதான் குறைந்துவிட்டதே, கோடே சொல்கிறதே என்றார். அப்போதே அவள் உண்மையைக் கொட்டியிருக்க வேண்டும். சொன்னால் ஆஸ்பத்திரி போய்விடும், அக்காவின் மூச்சு போய்விடும், பொய் எழுதியதற்குத் தன் வேலையும் போய்விடும் என்று பயந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த நாளை ஒரு வருஷம் வரவே இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோடு சார் நல்ல செய்தியோடு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு ஊரையே கூட்டி உட்காரவைத்திருந்தார்கள். அத்தனை கன்னத்திலும் கிராம்பு. அவர் பச்சைக் கோட்டைத் தூக்கிக் காட்டிப் பேசினார். இருமல் மாதம் நாலு பேருக்கு என்று குறைந்துவிட்டதாம். கம்பெனி கைவைத்த ஊர்களில் முதலில் தேறியது இதுதானாம். ஆகவே ஆஸ்பத்திரியை மலைக்கு அந்தப்புறத்து ஊருக்கு மாற்றுகிறார்கள். அங்கே கோடு ஏறிக்கொண்டே போகிறதாம். மிஷினும் அங்கேதான் போகும், சிஸ்டருக்கும் அங்கே வேலை உண்டு. இந்தக் கட்டடம் ஊருக்கே, படிப்பகமாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஊர்க்காரர்கள் உண்மையை எழுதியிருக்கிறார்கள் என்று நர்ஸுக்குத் தோன்றியது. எவ்வளவு எளிதான காரியம் அது. டிரைவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். அக்காவின் கண் அதன் பின்னாலேயே போனது. நர்ஸ் எழுந்து நின்றாள்.

“சார், அந்தக் கோடு பொய். நான்தான் பொய்யா எழுதினேன். இங்க யாருக்கும் முழங்கால் வலி கிடையாது. எல்லாம் இருமல்தான்.”

கோடு சாரின் முகம் விழுந்துபோனது. கோபத்தைவிட அடிபட்ட வலிதான் அதில் தெரிந்தது.

“மூணு வருஷமாவா?”

“ஆமா சார்.”

“இது சின்ன விஷயம் இல்ல சிஸ்டர். நான் மேல சொல்லியே ஆகணும். வேலை மட்டுமில்ல, உங்க லைசென்ஸே போயிரும். தெரியுமில்ல?”

தெரியும் என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய நிம்மதி. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, யாருக்கெல்லாம் இருமல் இருக்கிறது, கையைத் தூக்குங்கள் என்றார்.

ஒரு கையும் எழவில்லை.

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கூட்டம் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கிராம்பின் வேலை எப்போதோ முடிந்திருக்க வேண்டும். ஒரே ஓர் இருமல் போதும் என்று மனதுக்குள் மன்றாடினாள். பால்காரருக்குக் கண்ணில் நீர் கட்டி நின்றது. அவர் கைத்துண்டை வாயில் வைத்து, ஏதோ கொட்டாவி விடுகிறவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். மூன்று வருஷப் பழக்கம் அது. இருமக் கற்றுக்கொடுக்க யாரும் வேண்டாம். இருமாமலிருக்க அவர்கள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, நீயாவது சொல்லு” என்றாள். “சார், எங்க அக்கா நெஞ்சுல காத வச்சுக் கேளுங்க. உள்ள இழுக்கறது உங்களுக்கே கேக்கும்.”

கோடு சார் கூச்சத்தோடு நின்றார். அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். முகம் கறுத்திருந்தது. மூக்கால் மெல்ல ஒரு மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, சிரித்தாள்.

“இவ சின்னப் புள்ளயிலேருந்தே இப்படித்தான் சார். ஒரு இடத்த விட்டுப் போகணும்னா எதையாவது சொல்லி அழுவா. எங்களுக்கு இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழங்கால்தான் கொஞ்சம் வலிக்குது.”

கூட்டம் சிரித்தது. அக்காவுக்குத் துணையாக வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்தது. கோடு சாருக்கும் உயிர் வந்தது. அவரும் சிரித்து, இவ்வளவு பாசம் இருப்பது நல்லதுதான் என்று நர்ஸின் தோளில் தட்டினார். திங்கட்கிழமை அந்த ஊரில் வந்து சேரச் சொன்னார். பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

கார் வளைவைத் தாண்டும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு அக்கா கிராம்பைத் துப்பினாள். ஊரே துப்பியது. அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்துபோயின.

அக்கா தட்டுத்தடுமாறி உள்ளே போய்ப் பழகிய பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸ் ஓடிவந்து, பழக்கத்தில் மிஷினுக்குக் கையை நீட்டினாள். மேசையில் தூசிக்கு நடுவே அது இருந்த இடம் மட்டும் சதுரமாக, சுத்தமாக இருந்தது. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏன் இப்படிச் செய்தாய், உன் உயிர்தானே காரில் போகிறது என்று அக்காவை உலுக்கினாள்.

“லைசென்ஸ் போயிரும்னாரே” என்றாள் அக்கா. நடுவில் பேச்சை நிறுத்தி இருமினாள். “கல்லு சுமந்து வாங்கினதுடி அது. மிஷினு அவங்களுது, போகட்டும். அது நம்மளுது.”

நர்ஸ் மூலையில் கிடந்த முழங்கால் உறைப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்தாள். தேதி போட்டாள். அக்காவின் பேரையும் வயதையும் எழுதினாள். தொந்தரவு என்ன என்ற இடத்தில் கை தன் பாட்டுக்கு முழங்கால் வலி என்று எழுதிவிட்டது. பார்த்துவிட்டு, அட்டை கிழியும் அளவுக்கு அதை அழுத்தி அடித்தாள். பக்கத்தில் இருமல் என்று எழுதினாள்.

இதை யாரிடம் காட்டப்போகிறாள், காட்டினால் யார் நம்புவார்கள் என்று அவளுக்கே தெரியாது. திங்கட்கிழமை போவாளா என்பதும் தெரியாது. அக்கா ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த அட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். நர்ஸ் கொடுக்கவில்லை. வாசலைப் பார்த்து, அடுத்தது யார் என்று கேட்டாள்.

பால்காரர் உள்ளே வந்தார். அக்காவை ஒரு பார்வை, அட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

“எனக்கு முழங்கால்தாம்மா” என்றார்.