இடது சுண்டுவிரல்

சொன்ன விலைக்கு ஒரு குண்டூசிகூட வாங்காதவர் தரகர். உறவுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பாதிவிலை’. அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கிய மாதிரி அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அந்தக் குடும்பத்தில் யாரும் கடைக்குத் தனியாகப் போவதில்லை. விலை கேட்க ஒருவர், குறை சொல்ல ஒருவர். குறை சொல்வது சின்ன வயதிலிருந்தே தரகருடைய அக்காவின் வேலை. புதுச் சட்டையில் இல்லாத ஓட்டையைக் காட்டி, கடைக்காரரையே கண்ணாடி போட்டுத் தேட வைத்தவள்.

நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தாள். போன வருடம் பார்வை போனது, கூடவே வேலையும். விரல் மட்டும் மிச்சம். ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டித் தருகிற வேலை ஒன்று தேடி வந்திருந்தது. தேர்வு இன்று மூன்று மணிக்கு. ஒரே வாய்ப்பு. கிடைத்தால் தன் ஒற்றை அறையில் தன்பாட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால் தம்பி வீட்டு ஹாலில் ஒரு கட்டில். தம்பி மனைவி நல்லவள்தான். அந்த நல்ல குணத்தை மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பாள் அக்கா.

பார்த்து வைத்த மாதிரி, காலையில் பழைய லேப்டாப் உயிரை விட்டது. பதினோரு மணிக்கு அக்காவும் தம்பியும் கடையில் நின்றார்கள்.

கடைக்காரர் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்றில் நம்மூர்க் கீபோர்டு. இன்னொன்று விலை குறைவு.

“இது வேற நாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு சார். ரெண்டு மூணு எழுத்து இடம் மாறி அச்சடிச்சிருக்கும்.”

“செட்டிங்ல மாத்திக்கலாம்ல?”

“மாத்தலாம். மேல இருக்கிற அச்சு மாறாது.”

“எங்க அக்கா கண்ணு இருந்தப்பவே கீபோர்டைப் பார்த்ததில்ல. நீங்க மேல என்ன எழுதி வச்சா எங்களுக்கென்ன?”

அக்கா விலை குறைந்ததன் மேல் விரல்களைப் பரப்பினாள். இரண்டு வரி ஓட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“தம்பி, இடது ஷிஃப்ட் பாதிதான் இருக்கு. பக்கத்துல இன்னொரு கட்டை முளைச்சிருக்கு. சுண்டுவிரல் அதுல போய் விழுது.”

தரகருக்குப் புல்லரித்தது. பார்வை போனாலும் குறை சொல்கிற தொழில் போகவில்லையே.

“கேட்டுக்கோங்க,” என்றார் கடைக்காரரிடம். “பாதி ஷிஃப்ட்டுக்கு முழு விலையா?”

“நிஜமாத்தான்டா சொல்றேன். இது எனக்கு ஆகாது.”

“ஆகாதாம். வாக்கா, போலாம்.”

படி இறங்கும்முன் கடைக்காரர் இறங்கிவிட்டார். கால்வாசி விலை குறைந்தது. தரகர் கேட்ட மவுஸும் பையும் இலவசம். விற்ற சரக்கைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார். தெருவில் அக்கா பேசாமல் வந்தாள். வெற்றிக்குப் பிறகு மௌனமாக வருவதும் அவர்கள் வழக்கம்தான்.

வீட்டில் தேவையான மென்பொருளெல்லாம் ஏற்றி முடிக்க மணி இரண்டே முக்கால். அக்கா கொஞ்சம் தட்டிப் பார்த்தாள். “மெதுவாப் போனா சரியா வருது,” என்றாள்.

பார்வையில்லாதவர் என்பதால் ஒருவர் உடனிருக்கலாம். வாய் திறந்தால் தேர்வு ரத்து. தரகர் கேமராவுக்குத் தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா காதுகளை ஹெட்போன் மூடியிருந்தது. உள்ளே யாரோ பேச ஆரம்பித்தார்கள், விரல்கள் ஓடின.

முதல் நிமிடம் திரை சுத்தமாக இருந்தது. பேச்சு வேகம் பிடித்தது. முப்பது வருடப் பழக்கத்தோடு சுண்டுவிரல் இறங்கிய இடத்தில் ஷிஃப்ட் இல்லை, அந்தப் புதுக் கட்டைதான் இருந்தது. ஷிஃப்ட் வர வேண்டிய எழுத்துக்கு முன்னால் ஒரு சாய்கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று.

தப்பு இருபதைத் தாண்டக் கூடாது. தரகர் எண்ணினார். வாயாலேயே பிழைத்தவர், அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு எண்ணினார். பதினான்கு. பதினேழு. இனி விழாமல் இருக்கலாம். இருபது.

இருபத்தொன்று.

இனிப் பேசினாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அக்காவின் முதுகு நிமிர்ந்திருந்தது. உதட்டில் நீதிமன்றத்து நாள்களின் மிடுக்கு வந்திருந்தது. விரல்கள் எங்கும் தடுக்காமல் ஓடின. மீதி ஆறு நிமிடத்தையும் அவர் ஓடவிட்டார். திரை முழுக்கச் சாய்கோடு பெய்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். “நிக்கவே இல்லடா. எத்தனை தப்பு?”

திரையில் எண் வந்திருந்தது. தரகர் வாழ்க்கையில் முதல் முறையாகக் குறைக்காமல் சொன்னார். “அறுபத்தி நாலு.”

அவள் கை கீபோர்டின் இடது மூலைக்குப் போய், பாதி ஷிஃப்ட்டைத் தடவிவிட்டு நின்றது.

“கடையிலேயே சொன்னேனே.”

“நீ வழக்கம்போல சொல்றன்னு நினைச்சேன்க்கா.”

தரகர் கடைக்காரருக்குப் போன் போட்டார். சண்டை போடத்தான். அவர் நிதானமாகச் சொன்னார்: “அந்தக் கட்டையையும் ஷிஃப்ட்டா மாத்தி வைக்கலாமே சார். ரெண்டு நிமிஷ வேலை. கேட்டிருந்தா அங்கேயே செஞ்சு குடுத்திருப்பேன். நீங்க மவுஸ்தான கேட்டீங்க?”

குரல் அக்காவுக்கும் கேட்டது. லேப்டாப்பை மூடி, இலவசப் பைக்குள் தடவித் தடவி வைத்தாள்.

“ஹால்ல போட ஒரு கட்டில் வாங்கணும்ல,” என்றாள்.

“அக்கா...”

“வாங்கு. விலை பேசப் போறப்ப என்னைக் கூப்பிடாத.”