மங்கோலியாவின் நேரம்

செனாய் நகரில் தமிழ் மாணவர்களுக்காக நடந்த மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாட்டில், ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேச வேண்டும்; ரெங்கம் என்ற ஊரிலிருந்து வந்த யுகேந்திரனுக்கு மங்கோலியா கிடைத்தது. விவாதப் பொருள் கடல் குப்பை.

நாலு பேர் முன்னால் நின்றாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் விதிமுறையில் ஒரு வழி இருந்தது. ஒருவருக்குத் தந்த தொண்ணூறு விநாடியில் மிச்சமாவதை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம். முதல் சுற்றில் எழுந்தான், "மங்கோலியா தன் நேரத்தை நார்வேக்கு விட்டுக்கொடுக்கிறது" என்றான், உட்கார்ந்துவிட்டான்.

நார்வேயாக வந்திருந்த டோரிஸ் அந்த நேரம் முழுவதும் பேசி, கைதட்டலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் போட்டியாக இன்னொரு தீர்மானம் கொண்டுவந்திருந்த பிரேசில் வசந்தன் அதைக் கவனித்தான்.

தேநீர் இடைவேளையில் டோரிஸ் சூடான மைலோ கோப்பையோடு வந்தாள். "அடுத்த தடவையும் எனக்குத்தான், ஓகேவா?"

"சரி."

அவள் நகர்ந்ததும் வசந்தன் கறிபாப் பலகாரத் தட்டை நீட்டினான். "புரோ, இந்த ரவுண்டு எனக்குக் கொடு லா."

இல்லை என்று சொல்ல யுகேந்திரனுக்கு வரவில்லை. "சரி."

மறுபடி மங்கோலியாவின் முறை வந்தது. எழுந்து நின்றான். இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள்.

"யாருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டாள் அவைத்தலைவி பிரவீனா.

"நான்... ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டேன்."

அவை சிரித்தது. பிரவீனா சுத்தியலைத் தட்டினாள். "பிரதிநிதிகள் 'நான்' என்று பேசக் கூடாது."

"மங்கோலியா... ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிடுச்சு."

"ஒழுங்குப் பிரச்சினை!" டோரிஸ் எழுந்தாள். "நார்வேதான் முதலில் கேட்டது!"

"பிரேசில் சாப்பாடே போட்டிருக்கு!" என்றான் வசந்தன்.

"இது ஒழுங்குப் பிரச்சினை இல்லை. இருவரும் உட்காருங்கள். மங்கோலியா, உங்கள் நேரம் ஓடுகிறது."

யுகேந்திரனுக்குக் காது சிவந்தது. வெட்கம் எங்கேயோ கோபமாக மாறியது.

"மங்கோலியாவுக்குக் கடலே இல்ல! ஆனா ரெண்டு தீர்மானத்தையும் மங்கோலியா முழுசா படிச்சிருக்கு. கிழிஞ்ச மீன்வலையைக் கரையில திரும்ப வாங்கணும்னு நார்வே சொல்லுது. பிரேசிலும் அதையேதான் சொல்லுது. நார்வே அதைச் செய்யறதுக்கு ஆளைச் சொல்லலை, பிரேசில் காசைச் சொல்லலை. ரெண்டையும் ஒட்டினா ஒரு தீர்மானம். அப்புறம் எதுக்குச் சண்டை?"

சுத்தியல் விழுந்தது. விட்டுக்கொடுக்க ஒரு விநாடியும் மிச்சமில்லை.

அவையைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும்படி வசந்தன் முன்மொழிந்தான், டோரிஸே வழிமொழிந்தாள். மேசைகளை இழுத்துப் போட்டு, இரண்டு தாள்களையும் ஒன்றாக்கினார்கள். யார் பெயர் முதலில் வருவது என்று மட்டும் மறுபடி தகராறு. கடைசியில் யாருக்கும் வேண்டாம் என்று மங்கோலியாவின் பெயரை முதலில் எழுதினார்கள்.

"முதல் பெயர் போட்டவர்தான் மேடைக்கு வந்து தீர்மானத்தைப் படிக்கணும். கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லணும்" என்றாள் பிரவீனா.

"அலமாக்!" என்று பதறினான் யுகேந்திரன்.

டோரிஸ் அவன் கையில் தாளைத் திணித்தாள். வசந்தன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். முதல் வரி குரலே வராமல் போயிற்று. இரண்டாவது வரி பின்வரிசை வரை கேட்டது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியவனை நிறுத்த, பிரவீனா இரண்டு முறை சுத்தியலைத் தட்ட வேண்டியிருந்தது.