ஆர் ஓடுறது

சாருஜா ஆஸ்பத்திரித் தரையில் குப்புறப் படுத்தாள். இருபத்தேழு வயது, பொறியியல் பட்டம், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. அப்பா படு என்றதும் படுத்துவிட்டாள். தரை குளிர்ந்தது. அட்டை விலாவில் குத்தியது.

"தலையைத் தூக்காத பிள்ளை. நிலத்தோட ஒட்டிக் கிட."

கட்டிலிலிருந்து வந்த குரலில் மூன்று நாட்களாகக் காணாமற்போயிருந்த தெளிவு இருந்தது. கட்டடத்தின் கூரையில், யாரோ ஒரு நோயாளியை ஏற்றிவந்த ஹெலிகொப்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையிலிருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. ஜீவரத்தினத்துக்கு அது லண்டன் அல்ல. மோர்ஃபின் அவரை எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தது. கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தார்; கையில் ஏற்றியிருந்த குழாய் இழுபட்டது. மகள் தரையில் கிடப்பதைக் கண்ட பிறகுதான் தலையணையில் சாய்ந்தார்.

மூலைக் கதிரையில் அம்மா தவநாயகி கைப்பையை மடியில் அணைத்தபடி இருந்தார்.

வீட்டிலும் இப்படித்தான். தெற்கு லண்டன் மோர்டனில் பொலிஸ் ஹெலிகொப்டர் கூரைக்கு மேலால் போகும்போதெல்லாம் அப்பா மகளை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் நுழைவார். சப்பாத்துகளுக்கும் கூட்டுகிற தும்புத்தடிக்கும் நடுவில் குந்தியிருந்து, காதைச் சாய்த்து, இது சும்மா சுத்துறது, இது திரும்பிப் போகுது என்று சொல்லுவார். யாழ்ப்பாணத்தில், சண்டைக் காலத்தில், அவருடைய காதை நம்பித்தான் ஒழுங்கைச் சனம் முழுக்க ஓடியதாம். எந்த ஹெலி சாமான் ஏற்றுவது, எது சுடுவது என்று அது வானத்தில் புள்ளியாகத் தெரியுமுன்னரே சொல்லிவிடுவாராம். ஒரே ஒரு நாள் பிழையாகச் சொன்னார். சாமான்தான், நீ போ என்றார்; அவருடைய தங்கச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போனாள். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை.

அலுமாரிக்குள் இருந்த பிள்ளைக்கு ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போனது. மேலே இருந்துகொண்டு ஒரு குடும்பத்தைத் தும்புத்தடிக்குப் பக்கத்தில் குந்தவைக்கிறவன் எவன் என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. பிறகு அந்த இடத்தில் தானே இருக்கவேண்டும்போல. அந்த வீட்டில் முதல் முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் அவள்தான். வாரநாட்களில் ரயில் சிக்னல் வேலை, வார இறுதிகளில் பிரித்தானிய இராணுவத்தின் ரிசேர்வ் படை. ஓட்டத்தில், கணக்கில், கண்ணில், காதில் எல்லாம் தேறிவிட்டாள். ஹெலிகொப்டர் விமானியாகப் பயிற்சிக்கு எடுபட ஒரே ஒரு பறப்புச் சோதனைதான் மிச்சம். அது இந்தச் சனிக்கிழமை. தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அதெல்லாம் வேலை விசயமான கோர்ஸ். அம்மாதான் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த மனுசன் இருக்குமட்டும் இது அவரின்ர காதில விழக்கூடாது.

இருக்குமட்டும் என்பது இனிச் சில மணித்தியாலங்கள். டொக்டர் காலையில் சொல்லிவிட்டார். தான் பெற்றவள் யாரென்று தெரியாமலே இந்த மனிதர் போகப்போகிறார். தரையில் கிடந்தவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"சுடுறதோ?" என்று அப்பா கேட்டார். "எனக்கு இப்ப பிடிபடேல்ல. நீ சொல்லு."

அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. சாருஜா கண்ணை மூடினாள். சத்தம் கூரையால் கசிந்து, சுவரால் இறங்கி, தரைவழியாக அவளுடைய தாடைக்குள் வந்தது. வெதுவெதுப்பான நீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. இரண்டு எஞ்சின். அடிச் சக்கரம் கூரையில் முட்டிவிட்டது. பாரம் மெல்ல மெல்லக் கட்டடத்துக்கு மாறுகிறது.

"இல்லை அப்பா. ஆக்களை ஏத்துறது. இறங்கிட்டுது. இப்ப எஞ்சினை நிப்பாட்டப் போறாங்கள், பாருங்கோ."

சத்தம் தணிந்தது. விசிறி ஓய்வதுபோல ஒவ்வொரு சுற்றாக நின்றது. தண்ணீர்க் குவளை அடங்கியது.

"உனக்கு என்னெண்டு தெரியும்?"

சாருஜா கதிரையைப் பார்த்தாள். அம்மா தலையை இடமும் வலமும் மெதுவாக அசைத்தார்.

"நான் ஹெலி ஓடப் பழகப்போறன் அப்பா. ஆமியில."

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே எதையும் தேடாமல் மறுபடி மூடினார்.

"ஆர் ஓடுறது?"

"நான். நான்தான் ஓடுறது."

அப்பா கூரையைப் பார்த்தார். அவருடைய உதடுகள் எதையோ கூட்டிக் கழிப்பதுபோல அசைந்தன. பிறகு சிரமப்பட்டுத் திரும்பி, கட்டில் விளிம்புக்கு மேலால் முகத்தை நீட்டி, கீழே பார்த்தார்.

"அப்ப ஏன் கீழ கிடக்கிறாய்?" என்றார். "எழும்பு. உடுப்பெல்லாம் ஊத்தை."

அவள் எழும்பினாள். முழங்காலைத் தட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் சுவரிலிருந்து போர்வைக்கும், போர்வையிலிருந்து அவருடைய கைக்கும் இறங்கி வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. நாலு மணிபோல ஒரு இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்த மூச்சு வருமென்று தாயும் மகளும் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

*

அது செவ்வாய்க்கிழமை. எரிப்பதற்கு நேரம் கிடைக்கப் பத்து நாட்களாகும் என்றார்கள். இந்த ஊரில் அப்படித்தான். அதுவரை அப்பா எங்கோ ஒரு குளிர் அறையில் கிடந்தார், வீட்டில் சனம் வந்துபோனது. அம்மா சாருஜாவோடு பேசவில்லை. தேத்தண்ணியை அவளுடைய கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னவர்? அம்மா ஒருத்தருக்குத் தண்ணி கேட்டவர் என்றார். இன்னொருத்தருக்கு முருகா என்றவர். ஜெயகௌரி அன்ரிக்கு, பிள்ளையைப் பார் என்று கையைப் பிடித்தவர். அன்ரி அழுதார். சாருஜா கையிலிருந்த தட்டத்தைச் சுவரில் எறியலாம்போல நின்றாள். அப்பா வாழ்நாளில் அவளுக்கென்று விட்டுப்போனது, எழும்பு என்ற அந்த ஒரு வசனம்தான். அதை அம்மா ஆளுக்கொரு பொய்யால் மூடுகிறார்.

வெள்ளி மத்தியானம் நோர்பரியிலிருந்து பாலேந்திரா மாமா வந்தார், அம்மாவின் தமையன். கதவடியில் பொலிஷ் போட்டுக் காயவைத்திருந்த பூட்ஸைப் பார்த்தார். நாளைக்கு எங்கே என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"உடம்பு பெட்டிக்குள்ள கிடக்குது, செத்தவீட்டுத் துடக்குக் கழியேல்ல, நீ பறக்கப் போறியோ?"

"ஓம் மாமா."

"அங்க எங்களைச் சுட்டவங்களும் உப்பிடித்தான், சப்பாத்து மினுக்கிக்கொண்டு வந்தவங்கள்."

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுகொண்டுமோ? அத்தானுக்கு இது தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே நெஞ்சு வெடிச்சிருக்கும்."

"அவருக்குத் தெரியும்."

அம்மா குசினி வாசலில் நின்றார். மூன்று நாட்களில் அந்தக் குரல் அவ்வளவு உரத்து வந்ததில்லை.

"கேட்டிட்டுத்தான் கண்ணை மூடினவர்."

மாமா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "கேட்டு? என்ன சொன்னவர்?"

அம்மா வந்து தேத்தண்ணிக் கோப்பையை மாமாவுக்கு முன்னால் வைத்தார். பிடியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"குடி அண்ணை. ஆறுது."

*

சனி விடிய சாருஜா அறைக் கதவைத் திறந்தபோது அம்மா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். ஸ்ரேசன்மட்டும் வாறன் என்றார். வீதி ஈரமாக, ஓசையில்லாமல் கிடந்தது. மூடிய கடைகளைக் கடந்து இருவரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நடந்தார்கள்.

பாதாள ரயில் மோர்டனில்தான் தொடங்குகிறது. கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, போக மனமில்லாததுபோல நின்றது. சாருஜா ஏறி இருந்தாள். அம்மாவும் ஏறி, பக்கத்தில் இருந்தார். கதவு மூடப்போகிறது என்று அறிவித்தார்கள்.

"அம்மா, இறங்குங்கோ."

"எங்க மாறவேணும்?"

"கெனிங்டனில. பதினோராவது ஸ்ரேசன்." அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். "அதுக்குப் பிறகும் கனதூரம் இருக்கம்மா."

அம்மா கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். கதவுகள் மூடின. நீலச் சீற்றுகளும் எதிரே தூங்கிவழிந்த ஒரு வேலையாளும் மெல்ல ஆடத் தொடங்க, வெளிச்சம் பின்னால் நழுவியது. அம்மா வலது கையை மடியில் விரித்து, பெருவிரலைச் சின்னவிரலின் அடிக்கணுவில் வைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்தபடி இருந்தார்.

சவுத் விம்பிள்டன் வந்தது. பெருவிரல் ஒரு கணு மேலே ஏறியது.